சிவப்பாக இல்லாத மலை

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்த புதிதில், பூமிசாஸ்திரம் படிப்பிக்கிற எங்களைப் பதுளைக்கு மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துப் பாடம் நடத்தப் பழக்குகிறார்களாம். என் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையே பாதிதான் கறுப்பு. சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

பயிற்சி தந்தவர் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். செடி கொடி இருக்கும் இடம் படத்தில் சிவப்பாகவும், வெறும் மண் சாம்பல் நீலமாகவும் தெரியும் என்றார். ஊவா மலைகள் முழுக்க இரத்தச் சிவப்பு. பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தை நானே கண்டுபிடித்தேன். அதற்கு மேலே, பக்கத்துத் தோட்டத்து மலையில், ஒரு சாம்பல் திட்டு.

"இதில மரம் செடி ஒண்டுமில்லை. மழைக்கு மண் நிக்காது. கீழ ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்த மனிதர் எனக்கு மலையைப் பற்றிச் சொல்வதா? "அது கவ்வாத்து மலைங்க சார். சில வருஷத்துக்கு ஒருக்கா செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிருவோம். மொட்டையாத்தான் தெரியும். மறுபடி துளிர்த்திரும்" என்றேன். மற்ற வாத்தியார்மார் கைதட்டினார்கள். அவர் முகம் சிறுத்துப்போய் அடுத்த படத்தை எடுத்தார். அந்தப் பெருமை எனக்குப் பல நாள் தீரவில்லை.

கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. அந்த மலைக்கு நேர் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில்தான் என் அக்காவின் குடும்பம். ஒருநாள் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, பின்சுவரு வெடிச்சிருக்கு. மேலருந்து சேத்துத் தண்ணியா வருது. புள்ளையக் கூட்டிக்கிட்டு நாத்தனா வீட்டுல போயி இருக்கவா?"

பதுளையில் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். "கவ்வாத்து மலைதான்க்கா. வேரெல்லாம் அப்படியே இருக்கு, மண்ண விடாது. நான் படத்துலயே பாத்தேன்." அக்கா நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

அது கவ்வாத்து மலை இல்லை. மறுநடவுக்கென்று பழைய செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, நடாமலே போட்டிருந்தார்கள். ஒருதரம் மேலே ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாத்தியாரான பிறகு மலை ஏறுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். அவள் வந்துபோன இரண்டாம் நாள் காலை, அக்காவும் மச்சானும் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் மலை இறங்கியது. காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த அவர்கள் மகளைச் சாயங்காலம்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தோம்.

சுவர் வெடித்த பிறகும் ஏன் வேறு இடம் போகவில்லை என்று, விசாரிக்க வந்த அதிகாரி அக்காவைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் காட்டிக் கொடுத்துவிடமாட்டாளா என்றிருந்தது.

"தம்பி வாத்தியாருங்க. பதுளைக்கெல்லாம் போயி படிச்சிட்டு வந்திருக்கு. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.