இரண்டு குளம், இரண்டு மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் இலஞ்சி முருகன் கோயிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதாக நடிப்பார்கள். எனக்கு அந்த நடிப்பு போதவில்லை. பையனோடு தனியாகப் பேசாமல் தலையாட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தேன். சீசன் கூட்டத்தில் குற்றாலத்தில் தனியிடத்துக்கு எங்கே போவது? மிதிபடகில் ஏற்றிவிடலாம் என்றார் தாய்மாமா. ஓட்டலில் உட்கார வைத்தால் ஊர் பேசும். படகென்றால் கரையில் நின்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கலாம், பேச்சு மட்டும் காதில் விழாது.

அம்மாவும் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

"ஏட்டி, ரெண்டு பேரக் காட்டுதோம். ரெண்டும் வேண்டாம்னா, பொறவு நாங்க சொல்லுத ஆளுக்குத்தான் கழுத்த நீட்டணும்."

மாமாவுக்கு அரசாங்கம் நடத்தும் எதுவும் ஆகாது. அதனால் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த முதல் மாப்பிள்ளையைத் தனியார் படகுக் குளத்துக்கு வரச்சொன்னார். குறையே சொல்ல முடியாத இடம். வாசலிலேயே ஜூஸ் கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டில் மல்லிகை வாசனை. படகு லேசாகச் சாய்ந்தால் போதும், பின்னாலேயே இன்னொரு படகில் வந்தவர், "மேடம், எதும் உதவி வேணுமா?" என்பார். நடுக்குளத்தில் காத்திருந்த போட்டோக்காரர் என் தோளில் கை போடும்படி மாப்பிள்ளையிடம் சொன்னார். நான் முறைத்த முறைப்பில் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். பாட்டு ஓடியது, மாப்பிள்ளை சிரித்தார், நேரம் முடிந்ததும் கைபிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் போட்டோவில் நன்றாக விழுவார் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படிப்பட்டவர் என்று காட்டிக்கொள்ள அந்த நிர்வாகம் பாவம் அவருக்கு ஒரு சந்தர்ப்பமும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றேன். மாமா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாமவர் போலீஸ். சீசன் முழுக்க அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் டூட்டி. அவர் வந்துபோக வசதி என்று அரசாங்கப் படகுக் குழாமுக்குப் போனோம். டிக்கெட் கிழித்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்துப்போனது. லைஃப் ஜாக்கெட்டில் முன்னால் போட்டிருந்தவரின் ஈரம் காயவில்லை. என்னுடையதில் கொக்கியைக் காணோம். கேட்டதற்கு ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார் படகுக்காரர்.

"மெதுவா சுத்திட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.

பாசி மண்டிய இடத்தில் படகு சிக்கிக்கொண்டது. கரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். மாமா பதிலுக்கு டாட்டா காட்டினார். படகுக்காரர் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளை கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார்.

"எனக்குத் தண்ணின்னா பயம்," என்றார். "அருவிக்கரையிலயேதான் நிக்கேன், ஒரு நாளும் தலையக் கொடுத்ததில்ல. ஸ்டேஷன்ல தெரிஞ்சா மானம் போயிரும். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயம் ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் மூடி மறைக்கச் சொன்னது உறுத்தியது. வாழ்நாள் முழுக்க இவருக்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமோ? முன்னும் பின்னுமாக மிதித்துப் பாசியிலிருந்து படகை விடுவித்தேன். முழங்கால் கழன்றுவிடும் போல வலித்தது.

கரையில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"போலீஸ்காரர்லா. எப்படித் தம் கட்டி மிதிச்சுக் கரை சேத்துட்டாரு, பாத்தியளா மதினி?" என்று மாமா மாப்பிள்ளையின் அம்மாவிடம் பெருமையடித்தார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை சும்மா சிரித்துவைத்தாலே போதும், கதை முடிந்துவிடும். நானும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார்.

"இல்ல மாமா. அவங்கதான் மிதிச்சாங்க. நான் பயந்துபோய் கண்ண மூடிட்டு இருந்தேன்."

மாமா குளத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா என்னை ஓரமாக இழுத்தாள்.

"இது சரிப்படாதுட்டி, விட்டுருவோம். என்ன சொல்லுத?"

"நாள் பாக்கச் சொல்லும்மா," என்றேன், எல்லார் காதிலும் விழும்படியாகவே.