ஏழு பேரும் வெளியே நின்ற காலை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு புடைவைக் கடையில் பல வருடங்கள் வேலை செய்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். விற்பனைக்கு நாங்கள் ஏழு பெண்கள். கல்யாணம் கட்டத் தடையில்லை. ஆனால் வயிறு தெரியத் தொடங்கினால் வேலையை விட வேண்டும். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "வீட்டில இருந்து உடம்பைப் பாருங்கோ பிள்ளை" என்று கரிசனையோடு சொல்வார். அதோடு சரி.

என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது, முந்திய சேவை எதுவும் கணக்கில் இல்லாமல் புதியவளாகத்தான் எடுத்தார்கள். அதையும் ஓர் உதவியாகவே நினைத்தேன்.

பிறகு, சல்வார் பகுதியில் என்னோடு நின்ற ஹட்டன் பக்கத்துப் பெண் கர்ப்பமானாள். ஐந்தாம் மாதம் வரை தோளில் போட்ட ஷோலை முன்னால் இழுத்துவிட்டு மறைத்தாள். முதலாளி கவனித்த அன்று அவளுக்கும் அதே வார்த்தை. அவள் நன்றி சொல்லவில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேன் முதலாளி. எனக்கு வேல வேணும்."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தனக்காகக் கொஞ்சம் கதைக்க முடியுமா என்று அவள் என்னிடம் கேட்டாள். "இஞ்ச அப்பிடித்தான். நானும் போனனான்தானே," என்றேன். அவள் முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். வீடு திரும்பும் பஸ்ஸில்தான், நான் பேசியது முதலாளியின் பேச்சு என்று பட்டது.

மறுநாள் சேலைப் பகுதி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து மனுஷி, எங்களில் மூத்தவர். கணவன் இல்லை, வேலை போனால் அவருக்குத்தான் பெரிய அடி. யோசித்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அன்று மத்தியானமே எல்லோரையும் கூட்டிக் கதைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஷட்டர் உயர்ந்தும் நாங்கள் உள்ளே போகவில்லை. ஏழு பேரும் நடைபாதையில் நின்றோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. உடுப்பு எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி வெளியே வந்து, ஒவ்வொருவராக உள்ளே வந்தால் கதைக்கலாம் என்றார்.

"தனித்தனியா வரமாட்டம்," என்றார் அக்கா. "இவ பிள்ளையைப் பெத்திட்டு இதே வேலைக்குத் திரும்பி வரவேணும். சம்பளத்தோட லீவு வேணும். அது சட்டத்தில இருக்கு. எழுதித் தாங்கோ."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்களுமா? உங்களைத் திருப்பி எடுத்தனான் எல்லோ."

"ஓம். புது ஆளா எடுத்தனீங்கள்," என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்; நாங்கள் அங்கேயே நின்றோம்.

பதினொரு மணிக்கு எழுதித் தந்தார்.

ஹட்டன் பெண்ணுக்கு மாசியில் ஆண்குழந்தை பிறந்தது. வைகாசியில் வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் சேலைப் பகுதி அக்காவை நிற்பாட்டிவிட்டார்கள், வியாபாரம் குறைவு என்று சொல்லி. அன்றைக்கும் நாங்கள் வெளியே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு பேர் வேறு இடம் போயிருந்தார்கள். மிச்சப் பேர் பயந்துபோனோம். இதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

அக்கா இப்போது கல்கிசையில் ஒரு கடையில் நிற்கிறார். போன மாதம் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க முதல், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நடக்கத் தொடங்கிவிட்டான் என்று சொல்லி, போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.