அந்த ஆளு பாடட்டும்

பதினொன்றாம் வகுப்பில் நான் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எடுத்தோம். வினைச்சொல் அட்டவணைகளை உருப்போட்டால் மார்க் கொட்டும் என்றார்கள், கொட்டவும் செய்தது. இரண்டு வருடம் படித்து முடித்த பிறகும் ஒரு பிரெஞ்சுக்காரர் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் பிரெஞ்சு மிஸ்ஸுக்குத் தேனிதான் சொந்த ஊர். அவர் வாயிலிருந்து வந்ததுதான் எங்களுக்குப் பிரெஞ்சு. அதன் பிறகு கல்லூரி, கொஞ்ச நாள் வேலை, கல்யாணமாகிப் போடிக்கு வந்தது, குழந்தை. அந்த அட்டவணைகளை நான் மறந்தே போயிருந்தேன்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் பால் கொடுத்துக்கொண்டே போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. கோட்டு போட்ட ஒருவர் பியானோவின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டு என்று போட்டிருந்தது. தொட்டேன். முதலில் தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஓர் இரைச்சல். பிறகு பியானோ. பிறகு அவர் குரல்.

என்னை நிறுத்தியது அவருடைய ‘ர’. படிப்பெல்லாம் முடிந்த பிறகு எப்போதோ பார்த்த வீடியோக்களில் இந்தக் காலப் பிரெஞ்சுக்காரர்கள் அந்த எழுத்தைத் தொண்டைக்குள் கரகரப்பார்கள். இவர் எங்கள் மிஸ் சொன்னதைப் போலவே, நாக்கு நுனியில் உருட்டி, சுத்தமான ‘ர’ சொன்னார். சொல்லின் கடைசியில் எழுதிவிட்டு விழுங்கிவிடும் சத்தங்களைக்கூட விடாமல் மெல்லத் தொட்டுப் போனார். அதனால் எனக்குச் சொற்கள் பிடிபட்டன. ‘மாலை’, ‘மழை’, ‘கை’, ‘இன்னும்’. பரீட்சைத் தாளில் மட்டும் பார்த்த சொற்கள் ஒரு மனிதர் வாயிலிருந்து வந்தன. அந்தக் காலத்தில் பாட்டில் அப்படித்தான் உச்சரிப்பார்கள் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு, எங்கள் மிஸ் தப்பாகச் சொல்லித்தரவில்லை என்ற சந்தோஷம் மட்டும்தான்.

அதிலிருந்து அவருடைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. வேறு ஒன்றும் கிடையாது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் பிடிக்குமாம். அவர் குரல் பாரிட்டோன், அதாவது ஆண் குரலில் நடுவாந்தரம், ஏறக்குறைய ஒரு ஆள் பேசுகிற உயரம். பெரிய அரங்கில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று அவர் பாடவில்லை. எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் சொல்வது போலப் பாடினார். நம் சங்கீதத்தில் ஸ்வரம் அசைந்துகொண்டே இருக்கும். இவருடையது போட்ட இடத்தில் நிற்கும். வரி முடிந்ததும் இழுக்காமல் வைத்துவிடுவார். பிரிவைப் பாடினாலும் குரலில் அழுகை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நம்மை நம் போக்கில் விட்டுவிடுவார். எதற்கெடுத்தாலும் பதறுகிற எனக்கு அது வேண்டியிருந்தது. போன் சூடு குழந்தைக்கு ஆகுமா, புரியாத பாஷை கேட்டால் பேச்சு தாமதமாகுமா என்று அதற்கும் பதறத்தான் செய்தேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

அப்போது என் பெரிய கவலை மாமனார். ஏலக்காய் வியாபாரம் செய்தவர். சலிக்கிற மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவர். போடிமெட்டுக்கு மேலே ஒரு துண்டுத் தோட்டம் மிச்சமிருந்தது, சனிக்கிழமைதோறும் ஜீப்பில் போய் வருவார். குழந்தை பிறந்து நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “மாமா, காபி” என்பேன், நிமிர மாட்டார். ஏதாவது கேட்டால் “சரி சரி” என்பார். நான் கேட்டதற்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். குழந்தைக்கு அவருடைய அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நானும் கணவரும் வேறு பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லி அவர் குழந்தையை ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. “ஆத்தா” என்பார், இல்லையென்றால் “பாப்பா”. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டே திரிவார். நடக்க ஆரம்பித்ததும், “பாப்பாவத் தோட்டத்துக்குக் கொண்டு போறேன்” என்று வாராவாரம் கேட்டார், என்னிடம் அல்ல, மாமியாரிடம்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை வீறிட்டது. ஓடி வந்து பார்த்தால், பீரோ கதவிடுக்கில் விரலை விட்டுக்கொண்டு நின்றாள். மாமா முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கத்தக் கத்த, அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பக்கம் திருப்பிய கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னேன்: “தனியாப் போயிரலாம்.”

“அப்பா வேணும்னு செய்யல” என்றார்.

“பேரு வச்ச கோவத்தப் பச்சப்புள்ள மேலயா காட்டுறது?”

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார். நான் கேட்டது கிடைத்தது. மாமாவுக்கு ஒரே பிள்ளை இவர். குழந்தையை அவரிடமிருந்து பிரிப்பது சரியா என்று ஒரு மனசு. அவரிடம் எப்படி நம்பி விடுவது என்று இன்னொரு மனசு.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். குழந்தை உள்ளே தூங்கினாள். நான் பின்னறையில் துணி மடித்தபடி அந்தப் பாடகரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிலைவாசலில் நிழல் விழுந்தது. மாமா. சட்டென்று நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டிட்ட? அந்த ஆளு பாடட்டும்” என்றார்.

மறுபடி போட்டேன். அவர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டார்.

“என்ன பாசை இது?”

“பிரெஞ்சு மாமா.”

“சரி சரி. இந்திக்காரரு நல்லாத்தான் பாடுறாரு. நிறுத்தி, நெதானமா. நம்ம டிவியில எவன் இப்பிடிப் பாடுறான்? எல்லாரும் வாய்க்குள்ளயே முணங்குறாய்ங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அடுத்த பாட்டு தானாகவே தொடங்கிவிட்டது. அதே பாட்டுத்தான், ஆனால் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி பியானோகூட இல்லாமல் தனியாகப் பாடியது. மெல்லிய உச்சக் குரல், கண்ணாடி போலச் சுத்தமான ஒலிப்பதிவு. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“முடிஞ்சுபோச்சா? இன்னொண்ணு போடேன்.”

அவள் பாடிக்கொண்டிருந்தாள். மாமா கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கிற முகம் அது.

நான் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு மறுபடி அந்த ஆளைப் போட்டேன். உடனே கண்ணை மூடிக்கொண்டார். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன். நான் பேசுவதும் அந்தப் பெண் பாடிய உயரத்தில்தானே? குழந்தை வீறிடுவது அதற்கும் மேலே.

அவர் எழுந்து போனதும் தேடிப் படித்தேன். வயதாலும் மெஷின் இரைச்சலாலும் காது மங்கும்போது, மெல்லிய, உயர்ந்த சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் அப்படித் தேயும். கனமான ஆண் குரல் நிற்கும். நான் அம்மா வீட்டில் இருந்த மாதங்களில் அவருக்கு அது இன்னும் மங்கியிருக்க வேண்டும். பழைய தட்டுகளில், முள் உரசும் இரைச்சலைத் தவிர, அந்த உயர்ந்த சத்தங்கள் முதலிலேயே கிடையாது, அன்றைய கருவிகளால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. மாமாவின் காதிலிருந்து போன சத்தங்களும் அந்தத் தட்டில் இல்லாத சத்தங்களும் ஏறக்குறைய ஒன்றே. அந்தப் பாட்டில் அவர் பெரிதாக எதையும் இழக்கவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று வழக்கம்போலச் சந்தேகம். பிறகு காது டாக்டரிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, “இருக்கலாம்மா” என்றார்.

மறுநாள் காலையில் காபியுடன் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். “மாமா, காபி.” அசையவில்லை. மூச்சை இறக்கி, அந்தப் பாடகர் வரியை வைக்கிற மாதிரி, தடித்த குரலில் நிறுத்திச் சொன்னேன்: “மாமா. காபி.”

உடனே திரும்பினார். “கொண்டாத்தா.”

அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். “ஏண்டி, காலங்காத்தால ஆம்பளக் குரல்ல பேசுற? பேயி கீயி புடிச்சிருச்சா?”

“அத்தை, மாமாவுக்குக் காது சரியா விழலையோ?”

“அவருக்கா? நான் கத்துனாத்தான் விளங்கும். கல்யாணம் ஆன நாள்லருந்து அப்பிடித்தான்.” அத்தையின் குரல் தெருமுனைவரை கேட்கும். அவர் பேச்சு மட்டும் மாமாவுக்கு எட்டியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் மாமாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். இனித் தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். அதே தடித்த குரலில் கேட்டேன்: “மாமா, பாப்பா பேரு உங்களுக்குப் புடிக்கலையா?”

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “புடிக்கிறதா?” என்றார். “என்ன பேருன்னே சரியா வெளங்கலத்தா. பேரு வச்ச அன்னைக்குப் புள்ள காதுல மெதுவாச் சொன்னீக. பெறகு ஆளாளுக்கு ஒரு மாதிரி கூப்புட்டீக. ஒருதரம் கேட்டேன், சொன்னீக, விழல. மறுக்கா மறுக்கா கேட்டா கெழவனுக்குக் காதும் போச்சும்பீக. அதான் ஆத்தான்னே கூப்புட்டுக்கிறேன்.”

நான் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, அடித்தொண்டையிலிருந்து. அவர் வாயை அசைத்துப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. “நல்ல பேருதான்” என்றார். “எங்காத்தா பேரு அளவுக்கு இல்ல. இருந்தாலும் நல்ல பேரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகவில்லை. தேனியில் காது டாக்டர் வெள்ளிக்கிழமையே நேரம் கொடுத்திருந்தார். மாமாவைக் கிளப்புவதுதான் பாடாகிவிட்டது.

“எனக்கென்ன செவிடா?” என்றார்.

“இல்ல. இந்த ஊருல எல்லாரும் ஊமை” என்றார் அத்தை. “வெரசாச் சட்டையப் போடுங்க.”

காதில் மாட்டுகிற மெஷின் வந்தது. அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. சாப்பாட்டுத் தட்டு வைத்தால் இடி விழுகிறது என்பார். அத்தை பேசினால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆனால் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கழற்றக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதற்கு, “அது என் சோலி, நீ பயப்படாத” என்றார். நான் பயப்படத்தான் செய்தேன். தோட்டத்துக்கு முதல் சனிக்கிழமை குழந்தையை அனுப்பியபோது ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். மேலே ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு மறைத்து நின்றன. அதற்குள் குழந்தை நுழைந்துவிட்டாள். நான் எழுவதற்குள் அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செடிகளுக்குள்ளிருந்து அவள் ஏதோ கத்தினாள். எனக்குத் திசை பிடிபடவில்லை. அவர் நேராக அவள் நின்ற வரிசைக்குள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்.

மத்தியானங்களில் இப்போது இரண்டு பேராகக் கேட்கிறோம். மெஷினோடு முதல்முறை கேட்டபோது, பாட்டுத் தொடங்கியதுமே ஜன்னலைப் பார்த்தார்.

“மழையா பெய்யுது?”

“இல்ல மாமா. பழைய தட்டு. அந்த இரைச்சல்.”

“இத்தன நாளா இது இருந்துச்சா?” மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “இது இல்லாமத்தான் அந்த ஆளு நல்லாருக்காரு.” எனக்கு என்றைக்கும் தூறலுக்கு நடுவில் பாடுகிற அந்த மனிதர், அவருக்கு மட்டும் சுத்தமான அறையில் பாடுகிறார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நேற்று ஒரு மாலைப் பொழுதைப் பற்றிய பாட்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கடைசி வரியில் பாடகர் குரலை அப்படியே தணித்து, பியானோவிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். மாமாவுக்கும் அந்த இடம் பிடிக்கும். வரும்போது விரலை லேசாக உயர்த்துவார். ஆனால் நேற்றுப் பாதிப் பாட்டிலேயே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“இன்னும் முடியல மாமா” என்றேன், தடித்த குரலில்.

“பாப்பா எந்திரிக்கிற நேரம்” என்றார். “நீ கேளு.”

உள்ளே சிணுங்கல் கேட்டது. நான் மடியிலிருந்த துணியை எடுத்து வைப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நான் பாட்டைக் கடைசிவரை கேட்டேன்.