பொதுச் சந்தில் ஈரம்

கீழப்பழுவூரில் வேம்புவைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறவர் யாரும் இல்லை. அப்படிப் பேசும்படி அவள் நடந்துகொண்டதும் இல்லை. வயது ஐம்பத்தேழு. பெரம்பலூரில் ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கட்டில் சப்பாத்தி தேய்க்கிறாள். இரண்டாவது முறை குருமா கேட்ட பையனிடம், "ஒங்க வூட்ல வாளியிலதான் ஊத்துவாங்களா?" என்று கேட்டவள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

கல்யாணமான மறுவருடமே புருஷனை விட்டு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அப்பா சாவதற்கு முன் வீட்டில் பாதியை அவள் பேருக்கு எழுதிவைத்தார். மறுபாதி தம்பி ராசாங்கத்துக்கு. அவன் குட்டியானை வண்டி வைத்து சிமெண்டு மூட்டை அடிக்கிறவன். முழு வீடும் தங்களுக்குத்தான் என்று நம்பியிருந்த அவன் மனைவி மஞ்சு அன்றோடு வேம்புவிடம் பேச்சை நிறுத்தினாள். வேம்புவும் நிறுத்தினாள். வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. பக்கவாட்டுச் சந்து மட்டும் இரண்டு பேருக்கும் பொது. குழாயடிக்குப் போக வேறு வழி கிடையாது.

பேசிக்கொள்ளாத இரண்டு பெண்கள் ஒரு சந்துக்குள் வருடக்கணக்காகச் சண்டை போடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சாடை என்று பேர். கோழியைத் திட்டுவார்கள், கவிழ்ந்த குடத்தைத் திட்டுவார்கள். போய்ச் சேர வேண்டிய காதுக்கு அது போய்ச் சேரும். இவர்களுக்குச் செவலை வாய்த்தது. வேம்பு வளர்த்த பெட்டை நாய். விடுதியில் மிஞ்சிய சப்பாத்தியைத் தின்று வளர்ந்தது. இரண்டு பேருடைய வசவையும் ஒரே மாதிரி வாலை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும்.

அது வருடா வருடம் குட்டி போட்ட காலத்தில் மஞ்சு ஒருநாள் சந்தில் நின்று, "போடு செவல, போடு. இந்த வூட்ல அந்தப் பக்கம் நீயாவது பெத்துப் போடுறியே" என்றாள். வேம்பு அடுத்த வாரமே செவலையைத் தூக்கிப்போய் அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து கூட்டிவந்தாள்.

அதெல்லாம் நடந்து பல காலம் ஆகிவிட்டது. செவலைக்கு முகம் நரைத்தது. போன பங்குனியில் மஞ்சுவின் வாசற்படியில் அது படுத்து எழுந்த இடம் ஈரமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. மூத்திர நாற்றம்.

மஞ்சு அப்போது கல்லங்குறிச்சிக் கோயில் தேருக்காக விரதம் இருந்தாள். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் கோலத்தின் மேல் மூத்திரம். "ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா செவல? ஒனக்குச் சொல்லிக்குடுத்து அனுப்புறாளுவளா?" என்று கத்தினாள்.

வேம்புவுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. அவள் நாயின் தலையைத் தடவி, மறுபக்கம் கேட்கும்படி, "ஐஞ்சறிவுன்னாலும் யாரு வாசல்னு தெரியுது பாரு" என்றாள். நாய் தன் கட்சி என்று அவள் நம்பினாள். மஞ்சுவும் அதையேதான் நம்பினாள். இரண்டு பேரும் வெறுக்கிற அளவுக்கு ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துச் செவலை வேம்புவின் பாயை நனைத்தது. அப்போது அவளுக்குச் சந்தோஷம் போய்விட்டது. துடைப்பத்தால் அடித்தாள். தண்ணீரைக் குறைத்தால் ஒழுகாது என்று கணக்குப் போட்டுத் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துவைத்தாள். நாய் குழாயடியில் ஈரத்தரையை நக்கியது. ஒழுகுவதும் நிற்கவில்லை.

ராசாங்கம் சந்துக்கு வந்து நின்றான். "அக்கா, தேருக்கு முன்னாடி இத எங்கயாவது அனுப்பிடு. இல்லன்னா வண்டியில ஏத்திக் கொண்டுபோயி சுண்ணாம்புக்கல் குழிப் பக்கம் வுட்டுருவேன்."

"ஒன் பொண்டாட்டியக் கொண்டுபோயி வுடு."

"வெளையாட்டுக்குச் சொல்லல. வெள்ளிக்கிழம வண்டி எடுத்துட்டு வருவேன்."

அவன் செய்வான். முன்பு ஒரு நாயை அப்படி விட்டவன்தான். கைவிட்ட குழிகளில் தண்ணீர் ஆழமாக நிற்கும், கரை செங்குத்து. இறங்கிய நாய் ஏறி வராது. அன்றைக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு, செவலையை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வேம்பு அரியலூரில் கால்நடை டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மூத்திரத்தைச் சோதித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். புண்ணும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்றார். "ஆபரேஷன் பண்ணுன பொட்ட நாய்ங்களுக்கு வயசானா சிலதுக்கு இப்படி வரும்மா. மூத்திரப்பையோட வாய இறுக்கிப் புடிக்கிற தசை தளந்துடும். தூங்கும்போது அதுக்கே தெரியாம ஒழுகும்."

"தெரியாமன்னா எப்படி சார் கரெக்டா அவ வாசல்ல போவும்?"

"அவங்க வாசல் ஜில்லுன்னு இருக்குமா?"

"டைல்ஸு போட்டிருக்கா."

"அதான். வெயிலுக்கு அங்க போயி படுக்குது. படுத்தா தூங்குது. தூங்குனா ஒழுகுது. மாத்திர தரேன், ரெண்டு வாரத்துல குறையும். தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க, செத்துரும்."

திரும்பும் வழியெல்லாம் வேம்பு நாயை முறைத்துக்கொண்டே வந்தாள். அதற்கு எந்தக் கட்சியும் இல்லை, குளிர்ந்த தரை மட்டுமே வேண்டியிருந்தது. தனக்காகச் சண்டை போட்டது என்று நினைத்த ஒன்று வெறுமனே தூங்கிக்கொண்டிருந்தது என்று தெரியவருவதில் ஓர் அவமானம் இருக்கிறது.

நோய் என்று மஞ்சுவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாடையில் ஏசலாம், தகவல் சொல்ல முடியாது. சொன்னாலும் அது ஏச்சாகத்தான் போய்ச் சேரும்.

மறுநாள் காலை வேம்பு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மஞ்சுவின் குரல் கேட்டது. "ஏ செவல, சுண்ணாம்பு கொட்டியிருக்கேன். வந்து படு, வயிறு வெந்துபோவும். அப்புறம் என்னையச் சொல்லாத."

"வேவுற வயிறு யாரு வயிறுன்னு பாப்போம்" என்று நாயிடம் சொல்லிவிட்டு வேம்பு போய்விட்டாள். பல வருடப் பழக்கம் அது. மஞ்சு உண்மையாகவே சுண்ணாம்புத் தூள் வாங்கி வாசலில் கொட்டியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்களில் சாக்கடை ஓரத்துக்கும் திருவிழாத் தெருவுக்கும் கொட்டுகிற அதே தூள்தான்.

வெயில் தாழ்ந்து அவள் திரும்பியபோது செவலை எழுந்திருக்கவில்லை. ஈரமும் சுண்ணாம்பும் சேர்ந்து அடிவயிறும் பின்தொடையும் வெந்து தோல் உரிந்திருந்தது. வேம்பு குழாயடியில் வைத்து வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாள். நாய் அவள் கையைக் கடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கழுவி முடித்ததும் நேராக மஞ்சுவின் வாசலுக்குப் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏண்டி, வாயில்லா சீவன வேகவெச்சிட்டியே, நீ வெளங்குவியா?"

மஞ்சுவும் நேராகவே சொன்னாள். "காலையில சொன்னேனா இல்லையா? வயிறு வெந்துபோவும்னு சொன்னேன்ல? கேட்டுக்கிட்டுதான போன?"

"என்னைய ஏசுறன்னு நெனச்சேன்."

"ஒன்ன ஏசுறதுக்கு நான் எதுக்குக் காசு குடுத்துச் சுண்ணாம்பு வாங்கணும்?"

வேம்பு நாயின் பக்கம் கையை நீட்டினாள். "அதுக்கு நோவுடி. தூங்கையில அதுக்கே தெரியாம போவுதாம். மாத்திர குடுத்திருக்காங்க."

"எப்ப தெரியும்?"

"நேத்து."

"நேத்தே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"யாருகிட்ட சொல்ல? நீதான் பேசவே மாட்டியே."

"நீ பேசுனியா?"

சத்தம் கேட்டு ராசாங்கம் தெருவில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கோணிச்சாக்கோடு வந்தான். "வெள்ளிக்கிழம என்ன வெள்ளிக்கிழம, இப்பவே ஏத்திடுறேன். வழிய வுடு அக்கா." வேம்பு சந்தின் குறுக்கே நின்றாள். அவன் அவள் தோளைப் பிடித்து விலக்கினான். சாக்கை நாயின் மேல் போட்டு அதைத் தூக்கினான்.

"வைய்யிங்க கீழ" என்றாள் மஞ்சு.

"நீதானடி ஏத்தச் சொன்ன?"

"அப்ப சொன்னேன். இப்ப வெந்து கெடக்குது, வேகவெச்சது நானு. இந்த லட்சணத்துல கொண்டுபோயி குழியில தள்ளுனா, வெரதம் இருந்துக்கிட்டே நாயக் கொன்னவள்னு ஊரு ஒங்களையா சொல்லும்? என்னையத்தான் சொல்லும். வைய்யிங்க."

ராசாங்கம் நாயை இறக்கிவைத்துவிட்டுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒன்னுதான்" என்று முனகியபடி போனான்.

மஞ்சு வேம்புவின் பக்கம் திரும்பினாள். "சும்மா நிக்காத. மாத்திர முடியுற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறமும் என் வாசல்ல ஒழுவுச்சுன்னா நானே சாக்குல கட்டுவேன், பாத்துக்க அண்ணி."

இதை இரக்கம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பழிக்குப் பயந்தாள் என்பதுதான் சரி. இருந்தாலும் நாய் குழிக்குப் போகவில்லை.

புண் ஆற மாதம் ஒன்றுக்கு மேல் ஆனது. மாத்திரையில் ஒழுகுவது பெரும்பாலும் நின்றது, முழுக்க நிற்கவில்லை. செவலை திரும்பவும் அந்த டைல்ஸ் வாசலுக்கே போய்ப் படுத்தது. ஒருநாள் காலை அங்கே பழைய துணி ஒன்று நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது.

"ஈரமானா நீதான் அலசணும்" என்றாள் மஞ்சு, வேம்புவைப் பார்த்து.

"அலசுறேன். ஒன் புருசன் சட்டையவிட அது நாறாது."

"நாறுனா அவரு ஒந்தம்பிதான?" என்று சொல்லிவிட்டு மஞ்சு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.