நமுனுகுல ஓடைக்கு வெள்ளையடித்த கதை

ஓடைகளைச் சீர்செய்கிறவர்களின் மாநாடு போன மாதம் பண்டாரவளையில் மூன்று நாள் நடந்தது. ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்திலும் ஓடைக் குழு இருக்கிறது. அதில் அதிகம் வாய் பேசுகிறவள் நான் என்பதால் என்னையே அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஹட்டனில் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, 260 ரூபாய், மூன்றரை மணி நேரம். பட்டிப்பொலையில் குளிர் ஜன்னல் வழியாக வந்து மடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். சால்வை எடுத்துப் போங்கள்.

முதல் நாள் மாலை அறிமுக விளையாட்டு. அவரவர் ஊர் ஓடை எப்படிச் சத்தம் போடும் என்று செய்து காட்ட வேண்டும். ஒரு பேராசிரியர் தொண்டைக்குள் கொளகொளவென்றார்.

"சார், அது ஓடை இல்லீங்க, ஒங்க வயிறு. மொதல்ல சாப்பிட்டு வாங்க" என்றேன். அதற்குப் பிறகு அங்கே யாரும் யாருக்கும் புது ஆள் இல்லை.

மறுநாள் களப்பயணம். காலை 7.30க்கு வேன், பதினான்கு பேர். எல்ல வழியாக நமுனுகுல மலையில் ஒரு தோட்டத்துக்கு 25 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். கூட்டிப்போனவர் ஓடை வேலைகளைப் பார்த்து ஒப்படைக்கிற அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் மிஸ். வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். ஓடையின் கீழ்ப்பாதி போன வருடம் சரிசெய்தது. அது நன்றாக இருந்தால்தான் மேல்பாதி வேலையும் அந்தத் தோட்டத்து ஓடைக் குழுவுக்குக் கிடைக்கும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் வருவது அந்த மேல்பாதியிலிருந்துதான்.

இறங்கிப் பார்த்தால் இரண்டு கரையிலும் கற்கள் வரிசையாக வெள்ளை வெளேரென்று இருந்தன. கரையில் ஒரு புல் இல்லை. குழுத் தலைவி புஷ்பம் புதுச் சேலையில், கையில் மாலையோடு நின்றாள்.

மிஸ் மாலையைப் பார்க்கவே இல்லை. "ஆர் உங்களை இப்பிடிச் செய்யச் சொன்னது? நாங்கள் நட்ட செடியெல்லாம் எங்க?"

"அதுவும் புல்லுன்னு நெனச்சு புடுங்கிட்டோம் மிஸ். பெரிய ஆளுங்க வந்தா கல்லுக்கு வெள்ளை அடிக்கிறதுதானே?"

உண்மைதான். எங்கள் தோட்டத்திலும் மேலாளர் துரை வருகிறார் என்றால் அசையாமல் படுத்திருக்கிற நாய்க்கும் சேர்த்து வெள்ளை அடித்துவிடுவோம். ஆனால் சுண்ணாம்பு கரைந்து ஓடையில் இறங்கினால் மீனும் பூச்சியும் தாங்காது. மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப மேல்பாதி போயிருச்சா அக்கா?" புஷ்பம் என் காதோரம் கேட்டாள்.

"கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சுட்டு இப்ப அழுதா எப்புடி? மழைக்கு முந்தி கல்லைத் தூக்கு" என்று சேலையைச் செருகினேன். "சார், நேத்து வாயால ஓடுனீங்கள்ல, இன்னிக்குக் கையைக் குடுங்க."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே முதல் கல்லைத் தூக்கினார். லயத்து ஆட்களும் நாங்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, கற்களை மேலே ரோட்டுக்கு ஏற்றினோம். எல்லார் முகத்திலும் வெள்ளை. பிடுங்கிப் போட்ட செடிகள் குப்பைமேட்டில் வேர் காயாமல் கிடந்தன. அவற்றைத் திரும்ப நட்டோம். கடைசிக் கல் ஏறும்போது மணி 11.40, முதல் தூறல்.

மிஸ் தண்ணீருக்குள் கிடந்த ஒரு கல்லைப் புரட்டி, புஷ்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் மூன்று குட்டிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"உயிரோட இருக்கு. செடி பிடிச்சிட்டுதெண்டா மேல்பாதி உங்களுக்குத்தான். வந்து பாப்பன். எப்ப எண்டு மட்டும் சொல்லமாட்டன்."

புஷ்பம் ஓடிப்போய் மாலையை எடுத்துவந்தாள். மிஸ் சிரித்தபடி தலையைக் குனிந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அட்டை கடிக்கும், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி கட்டாயம் வேண்டும். களப்பயணத்தன்று நல்ல சேலை கட்டாதீர்கள். என் சேலையில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. மேடைப் பேச்சு பாதி எனக்கு விளங்கவில்லை. அந்தக் கல்லுக்கு அடியில் பார்த்தது விளங்கியது.

அன்று திரும்ப வேனில் ஏறியதும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் ஓடையைப் பார்க்கவும் அடுத்த மாதம் ஆட்கள் வருகிறார்கள்.

"நீ சொல்லிட்டுப் போன மாதிரியே ரெண்டு மூட்டை சுண்ணாம்பு வாங்கியாச்சு. நாளைக்குக் கல்லுக்கு அடிக்கிறோம்" என்றார்.

"கோயில் செவுத்துக்கு அடிங்க. ஓடைப் பக்கம் பிரஷோட போனீங்க, வீட்டுப் படி ஏற விடமாட்டேன்."

புஷ்பம் பக்கத்திலேயே வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு வாங்கச் சொல்லிவிட்டு வந்தவள் நானும்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் வருகிறவர்களில் அவளும் உண்டு. எங்கள் கரையில் முழங்கால் உயரப் புல்லில் நிற்க வைத்துச் சொல்லிக்கொள்கிறேன்.