மேலே இருக்கும் பெயர்

வெள்ளிமலை ஜீப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் மடியில் கடுக்காய் மூட்டை. கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. போனில் எதை எழுதினாலும் கண்ணாடியை இறக்கி, திரையின் மேலே இருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அனுப்புவார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஒரு நாளு தங்கச்சிக்கின்னு நெனச்சி, ஜீப்புல வர்றவங்க குரூப்புல போட்டுட்டேங்க. 'டிரைவரு போன் பேசிக்கினே வளைவுல திருப்புறாரு, பயமா இருக்குது'ன்னு. அந்தக் குரூப்ப ஆரம்பிச்சதே இவருதான்."

ஓட்டிக்கொண்டிருந்தவரின் முதுகைக் காட்டினார்.

"அழிச்சிருக்கலாமே?"

"அழிச்சேன். என் போன்ல மட்டுந்தான் அழிஞ்சிது. மத்தவங்க படிச்சிட்டு, 'எனக்கும் பயந்தான்'னு வரிசையா போட்டுட்டாங்க. மறுநாள்லேர்ந்து இவரு வண்டியில போனத் தொடறதில்ல."

"அதான் இப்ப, தப்பா குரூப்புக்குப் போயிடக் கூடாதுன்னு பாக்கறீங்களா?"

"இல்லங்க. தங்கச்சியோட மட்டும் நின்னுடக் கூடாதுன்னு பாக்கறேன்."

எத்தனையோ குரூப்பில் இருந்தும் ஒன்றிலும் வாய் திறக்காதவன் நான். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கினார். "வெள்ளிமலை ஜீப்பு" என்று உரக்கப் படித்தார்.

"தேஞ்சுபோன முன் டயர நாளைக்கே மாத்திடறேங்கக்கா" என்றார் டிரைவர், திரும்பாமலே.

அம்மாளின் விரல் நிற்கவில்லை.