தட்டாதீர்கள் போர்டு

ஓசூரில் என் கணவருக்கு நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது யாரும் எழுப்பக்கூடாதென்று, அட்டைப்பெட்டியை வெட்டி, ஸ்டிக்கர் பொட்டால் பூப்போட்டு, வாசலுக்கு ஒரு போர்டு செய்தேன். ஒரு பக்கம் ‘வாங்க’. மறுபக்கம் ‘தூங்குகிறார், தட்டாதீர்கள்’ என்று தமிழிலும், ஹவுஸ் ஓனர் அம்மாவுக்காகக் கன்னடத்திலும்.

ஒருநாள் திடீரென்று அவரைப் பகல் ஷிப்டுக்குக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் போர்டைத் திருப்பி மாட்ட மறந்துவிட்டேன்.

அன்று வேலையில் மெஷினில் அடிபட்ட அவர், ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டாராம். கம்பெனியிலிருந்து ஓனர் அம்மா வீட்டுக்குப் போன் செய்து, விவரம் சொல்லாமல், என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தம்மா இரண்டு முறை வாசல்வரை வந்து, போர்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார். மூன்றாவது போனுக்குத்தான் தட்டினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என் கணவர் உயிர் போய்விட்டது.

“முதல்லயே தட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று அந்தம்மாவிடம் கத்தினேன்.

“எனக்குப் புரியணும்னு கன்னடத்துலயும் நீதானேம்மா எழுதி வச்சே” என்றார்.